ஸ்ப்ரே அடிக்காமல் சமையலறைக் கரப்பான்களை ஒழித்த வேலைக் குறிப்பு

நாங்கள் குடிவருவதற்கு முன்பே இந்த வீட்டுச் சமையலறையில் கரப்பான் பூச்சிகள் குடியேறியிருந்தன. இரவில் விளக்கைப் போட்டால் சிங்க்கைச் சுற்றி நாலாபக்கமும் ஓட்டம். பகலிலும் ஒன்றிரண்டு கண்ணில் பட்டன. பகலில் பட்டதுதான் எனக்குக் கவலை. கரப்பான் இருட்டில் உலாவும் பூச்சி. பட்டப்பகலில் வெளியே வருகிறது என்றால், பெரும்பாலும் ஒளியும் இடத்தில் நெரிசல் கூடிவிட்டது அல்லது தீனியும் தண்ணீரும் பற்றவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் சின்னக் குழந்தை உண்டு, அதற்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும். கரப்பானின் எச்சம், எச்சில், உரித்துப் போட்ட தோல் எல்லாவற்றிலும் உள்ள புரதங்கள் தூசோடு கலந்து ஆஸ்துமாவைத் தூண்டும். அமெரிக்க நகரங்களில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறைத் தூசிலும் கரப்பான் புரதம் அதிகமாக இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது தெரிந்தது. அதனால் பூச்சி செத்தால் மட்டும் போதாது, அது விட்டுப்போன அழுக்கும் வீட்டைவிட்டுப் போக வேண்டும். அதற்காக வீடு முழுக்க விஷத்தை அடித்துவைக்கவும் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் எந்தக் கரப்பான் என்று பார்த்தேன்

இது தெரியாமல் மருந்து வாங்கிப் பயனில்லை. வீட்டுக்குள் நாம் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சின்னது, வளர்ந்த பூச்சியே 12 முதல் 15 மி.மீ. நீளம்தான், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் உள்ள தட்டில் இரண்டு கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். இதை ஜெர்மன் கரப்பான் என்கிறார்கள். இறக்கை இருந்தும் பறக்காது. மற்றது பெரிய சிவப்புக் கரப்பான், அமெரிக்கக் கரப்பான் என்று பெயர், 35 மி.மீ.க்கு மேல் வளரும், தலைத்தட்டின் ஓரத்தில் மஞ்சள் வளையம் இருக்கும். இது சாக்கடையிலும் குழாய்களிலும் வாழ்ந்து, வழி கிடைத்தால் வீட்டுக்குள் வரும். சின்னது அப்படியில்லை. அதற்கு நம் சமையலறைதான் வீடு.

எங்கள் சமையலறையில் ஓடியவை சின்னவை. குளியலறையில் எப்போதாவது தலைகாட்டியது பெரியது. இரண்டும் வேறு வேறு வேலை என்று அப்போதே பிரித்துக்கொண்டேன்.

ஜெர்மன் கரப்பானை ஒழிக்க நேரம் பிடிப்பதற்குக் காரணம் அதன் முட்டை. பெண் பூச்சி முட்டைக்கூட்டை எங்கும் போட்டுவிட்டுப் போகாது. 8 மி.மீ. அளவுள்ள பழுப்பு நிறக் கூட்டை வால்பக்கம் நீட்டியபடி, பொரிக்கும் நேரம்வரை சுமந்துகொண்டே திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். பொரிக்க ஏறத்தாழ 4 வாரம், குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வர வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மாதம். ஒரு பெண் தன் ஆயுளில் 4 முதல் 8 கூடுகள்வரை வைக்கும். கூடு சுமக்கிற நாட்களில் அது அதிகம் தின்னாது, இடுக்கைவிட்டு அதிகம் வெளியே வராது. அதாவது, எதை முதலில் கொல்ல வேண்டுமோ அதுதான் நம் மருந்துப் பக்கம் கடைசியாக வரும். ஒரே வாரத்தில் முடிகிற வேலை இல்லை என்பது இதிலேயே புரிந்துவிட்டது. இரண்டு மூன்று மாதம் விடாமல் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

டார்ச்சும் பசை அட்டையும்

மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சில இரவுகள் வேவு மட்டும் பார்த்தேன். கரப்பான் பிடிக்கும் பசை அட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் இடமும் தேதியும் எழுதி வைத்தேன். சிங்க்குக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அடுப்பு ஓரத்தில், மேல் கப்போர்டின் தலையில், அரிசி வைக்கும் அலமாரியில். அட்டையை நடுத்தரையில் வைத்தால் பயனில்லை. கரப்பான் சுவரையோ விளிம்பையோ உரசிக்கொண்டுதான் நடக்கும். அட்டையின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்க வேண்டும்.

காலையில் அட்டையை எடுத்துப் பார்த்தால் வெறும் எண்ணிக்கை மட்டும் தெரிவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஏறி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் வந்த திசை தெரியும். எத்தனை பெரியது, எத்தனை குஞ்சு என்று பார்த்தால் இன்னும் முக்கியமான ஒன்று தெரியும். குஞ்சுகள் பொரித்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை. குஞ்சுகள் நிறைய ஒட்டிய அட்டைக்குப் பக்கத்தில்தான் கூட்டம் இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு அப்படி நிறைந்தவை அடுப்பு ஓர அட்டையும் சிங்க் அடி அட்டையும். அரிசி அலமாரி அட்டையில் ஒன்றுமே இல்லை. நான் எதிர்பார்த்தது அந்த அலமாரியைத்தான்.

அப்புறம் டார்ச். அடுப்புக்குப் பக்கத்துக் கப்போர்டின் கதவைத் திறந்து கீலுக்குள் ஒளியைப் பாய்ச்சினேன். இப்போதைய கப்போர்டுக் கதவுகளில் கீல் உட்காருவதற்காக 35 மி.மீ. அகலத்தில் வட்டமாக ஒரு குழி தோண்டியிருப்பார்கள். அந்தக் குழிக்கும் கீலின் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மீசைகள் மட்டும் வெளியே நீட்டி அசைந்துகொண்டிருந்தன. கீலைச் சுற்றிப் பலகையில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். அதுதான் எச்சம். கதவை முழுக்க விரித்தபோது உள்ளிருந்து ஒரு பெண் பூச்சி கூட்டைச் சுமந்தபடி வெளியே வந்து, தகட்டைச் சுற்றிப் போய், மறுபடியும் அதே குழிக்குள் நுழைந்தது. அந்த இடத்தைப் பார்த்த பிறகு மற்ற எல்லாக் கீலையும் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இதே நிலைமை.

முதுகும் வயிறும் ஒரே நேரத்தில் எதிலாவது படுகிற மாதிரியான இடுக்குதான் கரப்பானுக்குப் பிடிக்கும். வளர்ந்த ஜெர்மன் கரப்பானுக்கு 5 மி.மீ. இடைவெளி சொகுசான இடம், இரண்டு மி.மீ.க்கும் குறைவான கீற்றிலும் நுழைந்துவிடும். அந்தக் கணக்கோடு தேடினால் இடங்கள் தானாகக் கண்ணில் படும்: இழுப்பறையின் தண்டவாளம், சிங்க்கின் விளிம்புக்கு அடியில், அடுப்பின் கீழ்த்தட்டு, மிக்ஸியின் அடிப்பாகம், ஃபிரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பு, ஃபிரிட்ஜின் மோட்டார் இருக்கும் வெதுவெதுப்பான பின்பகுதி, சுவர்க்கடிகாரத்தின் முதுகு. மின்சாதனங்களைப் பார்க்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்குள் நான் கை வைக்கவே இல்லை; எலெக்ட்ரீஷியன் வந்தபோது மெயினை அணைத்துத் திறந்து காட்டச் சொன்னேன்.

உறிஞ்சி எடுத்ததும் கழுவியதும்

கூட்டம் இருக்கும் இடம் தெரிந்த பிறகு முதல் வேலை வேக்குவம் கிளீனர். இடுக்கில் நுழையும் ஒல்லியான மூக்கை மாட்டி, கீல் குழி, தண்டவாளம், ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாவற்றையும் உறிஞ்சினேன். உயிருள்ளவை, செத்தவை, தோல், முட்டைக்கூடு, எச்சத்தூள் எல்லாம் ஒரே தடவையில் போய்விடும். மருந்தால் இவ்வளவு வேகமாக எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. பை நிறைந்ததும் பாலித்தீன் உறைக்குள் கட்டி அன்றே வெளியேற்ற வேண்டும். பை இல்லாத வேக்குவமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் கொட்டலாம். சோப்புத் தண்ணீர் உடலின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகளை அடைத்துவிடுவதால் பூச்சி சீக்கிரம் சாகும். தூசு பறக்கும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டேன், குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டேன்.

பிறகு சோப்புத் தண்ணீரால் எச்சக் கறைகளைத் தேய்த்துக் கழுவினேன். வெறும் சுத்தத்துக்காக மட்டும் இல்லை. கரப்பானின் எச்சத்தில், அதன் குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாசனை இருக்கிறது. அதுதான் மற்ற கரப்பான்களை அந்த இடத்துக்குக் கூட்டிவருகிறது. இதை 2015-இல் ஓர் ஆய்வு ஜெர்மன் கரப்பானை வைத்தே காட்டியது. கறையை விட்டுவைத்தால் அந்த இடம் காலியானாலும் மறுபடி நிறையும். அடுப்படியில் முன்பு யாரோ அடித்துவைத்திருந்த ஸ்ப்ரேயின் பிசுக்கும் இந்தக் கழுவலில்தான் போனது. அது போகாமல் அடுத்த வேலை பலிக்காது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே பாதிதான் வேலை செய்யும். ஜெர்மன் கரப்பான் தீனி இல்லாமல் ஒரு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டுவதே கஷ்டம். சிங்க்குக்கு அடியில் கழிவுக்குழாய் இணைப்பில் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பலகை ஊறிக் கிடந்தது. வாஷரை மாற்றி, பலகையை வெயிலில் காயவைத்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டைக் கழற்றிக் கழுவி வைத்தேன். இரவில் படுக்கப்போகும் முன் சிங்க்கைத் துணியால் துடைத்து உலர்த்துவது, ஈரத்துணியை மேடையில் விடாமல் கொடியில் போடுவது, குப்பைக்கூடையை மூடிவைப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எச்சில் பாத்திரத்தை இரவில் சிங்க்கில் போட்டுவைப்பது நின்றது.

ஜெல்

இந்த வேலையின் முதுகெலும்பு இதுதான். ஊசிக்குழலில் வரும் கரப்பான் ஜெல். உறையில் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்: ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், இண்டாக்ஸாகார்ப், ஹைட்ராமெத்தில்னான் ஆகியவை ஜெல்லில் வருபவை. அளவு மிகக் குறைவு. இமிடாகுளோபிரிட் ஜெல்லில் 2.15 சதவீதம், இண்டாக்ஸாகார்ப் ஜெல்லில் 0.6 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். மீதியெல்லாம் கரப்பானை இழுக்கும் தீனி. நான் இண்டாக்ஸாகார்ப் உள்ளதை எடுத்தேன்.

ஜெல் உடனே கொல்லாது. அப்படிக் கொல்லாமல் இருப்பதில்தான் அதன் பலன். தின்ற பூச்சி தன் இடுக்குக்குத் திரும்பிப் போய் அங்கே சாகிறது. வெளியே வராத சின்னக் குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்றுதான் வளர்கின்றன. செத்த பூச்சியையும் மற்றவை தின்னும். அந்த எச்சத்திலும் உடலிலும் மருந்து இருக்கிறது. ஆக, நம் கை எட்டாத இடுக்கின் அடிவரை மருந்தைக் கொண்டுபோவது அந்தப் பூச்சிகளேதான். எந்த ஸ்ப்ரேயாலும் இது முடியாது.

வைக்கும் முறையில்தான் பாதி வெற்றி. பெரிய உருண்டையாக நாலு இடத்தில் வைப்பதைவிட, 3 அல்லது 4 மி.மீ. அகலப் புள்ளிகளாக நிறைய இடங்களில் வைப்பது நல்லது. கரப்பான் தீனி தேடி வெகுதூரம் அலைவதில்லை. கிடைத்தால் வாசலிலேயே தின்னும். அதனால் எச்சக் கறை எங்கே இருந்ததோ அதற்குப் பக்கத்தில்: ஒவ்வொரு கீலின் உள்விளிம்பிலும் ஒரு புள்ளி, இழுப்பறையின் பின்மூலைகளில், சிங்க் விளிம்புக்கு அடியில், அடுப்புக்கு அடியில் சூடு படாத ஓரத்தில், ஃபிரிட்ஜின் பின்பக்க மூலைகளில். வெயில் படும் இடத்திலும் தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். தவழும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில், உணவோ பாத்திரமோ படும் இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டேன், புகையிலை வாசனையும் சோப்பு வாசனையும் ஜெல்லில் ஒட்டினால் பூச்சி ஒதுங்கிப்போகலாம் என்பதும் ஒரு காரணம்.

மறுநாள் இரவு விளக்கைப் போடாமல், டார்ச்சின் மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சிவப்பு ஒளி கரப்பானின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கீலுக்குப் பக்கத்துப் புள்ளியைச் சுற்றிப் பூச்சிகள் தலையை உள்நோக்கி வைத்து வட்டமாக நின்று தின்றுகொண்டிருந்தன. காலையில் பல புள்ளிகள் சுத்தமாகக் காலி. தீர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி வைத்தேன். தீராத இடத்தில் வைத்துக்கொண்டே போவதில் பயனில்லை, அங்கே கூட்டம் இல்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்த சில நாட்களில் பகலிலும் தள்ளாடும் பூச்சிகள் தரையில் தெரிந்தன. வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவைத்திருந்தேன்: இது கூடியதால் இல்லை, மருந்து வேலை செய்வதால், யாரும் ஸ்ப்ரேயை எடுக்கக் கூடாது.

ஸ்ப்ரே ஏன் வேண்டாம்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கும். நேராகப் பட்ட பூச்சி சாகும். படாதவை அந்த வாசனைக்குப் பயந்து அடுத்த அறைக்கும் சுவருக்குள்ளும் சிதறும். ஜெல் வைத்த இடத்தில் அடித்தால் ஜெல்லும் கெட்டது, கரப்பான் அதைத் தொடாது. பல இடங்களில் ஜெர்மன் கரப்பான்கள் இந்த மருந்துகளைத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டன. முட்டைக்கூட்டின் உறையையும் ஸ்ப்ரே தாண்டாது. போதாததற்கு, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் அடித்தால் தீப்பிடிக்கும் ஆபத்து.

மூடிய அறைக்குள் திறந்துவிட்டு வெளியேறும் புகைக்குப்பிகளும் அப்படித்தான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர், மக்கள் வசிக்கும் வீடுகளிலேயே இவற்றைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். புகைக்குப்பி போட்ட வீடுகளில் கரப்பான் குறையவில்லை. தரையிலும் மேடையிலும் மருந்துப் படிவு மட்டும் கூடியிருந்தது. ஜெல் வைத்த வீடுகளில் கரப்பான் குறைந்தது. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

மருந்துச் சாக்பீஸையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. குழந்தை அதை எழுதும் சாக்பீஸ் என்று எடுத்துவிடும். ஒலி எழுப்பி விரட்டும் கருவிகள் கரப்பானை ஒன்றும் செய்வதில்லை. நாப்தலீன் உருண்டையின் நெடி பூச்சியைவிட நமக்குத்தான் கெடுதல்.

போரிக் பவுடர் வேறு ரகம். அதைக் கண்ணுக்குத் தெரியாத, காய்ந்த, கை எட்டாத பொந்துகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கப்போர்டின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவர் இடுக்கில். காலிலும் மீசையிலும் ஒட்டிய தூளை நக்கிச் சுத்தம் செய்யும்போது அது பூச்சியின் வயிற்றுக்குள் போகிறது. கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற மெல்லிய படலமாக இருந்தால்தான் அதன் மேல் நடக்கும். குவித்துவைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். மூக்கு ஒடுங்கிய பிளாஸ்டிக் குப்பியில் கால்வாசி மட்டும் நிரப்பி, அழுத்தி ஊதுகிற மாதிரி தூவினேன். ஈரம் படாதவரை அதன் சக்தி போகாது. வீட்டில் பலரும் கேரம் போர்டுக்கு வைத்திருப்பதால் இது ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம், குழந்தை வாயில் போட்டால் விஷம்தான். அடிப்பலகையைத் திருகாணி போட்டு மூடிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

இடுக்குகளை அடைத்தது

எதை முதலில் அடைப்பது, எதைப் பிறகு அடைப்பது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். வெளியிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் வரும் வழிகளை முதல் நாளே அடைத்தேன். கப்போர்டுக்குள் இருந்த கீறல்களை, ஜெல் வேலை செய்து கூட்டம் குறைகிறவரை விட்டுவைத்தேன். கூட்டம் இருக்கும்போதே அவற்றை அடைத்தால் பூச்சிகள் நமக்குத் தெரியாத வேறு வழி தேடும், ஜெல்லுக்கும் வராது.

சிங்க்கின் கழிவுக்குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஓட்டை குழாயைவிட விரல் அகலம் பெரிதாக இருந்தது. குழாயில் மாட்டியிருந்த ஸ்டீல் வளையம் அதை மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வளையத்தை நகர்த்தி, உள்ளே இருந்த தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். இடைவெளி ஆழமாக இருந்ததால் முதலில் ஸ்பாஞ்ச் கயிற்றைத் திணித்து, அதற்கு மேல் சிலிக்கான் போட்டேன். வெறும் சிலிக்கானை மட்டும் பிதுக்கினால் அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும், விளிம்பில் பிடிக்காது. ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் சமன்படுத்தி, மேல்தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஓடிய கீற்றுக்கும் இதே முறை. டைல்ஸ் இணைப்புகள் உதிர்ந்திருந்த இடத்தில் ஒயிட் சிமெண்ட் பூசினேன்.

சின்னக் கீற்றுதானே என்று எதையும் விடாதீர்கள். பெரிய அமெரிக்கக் கரப்பானே உடலைத் தட்டையாக்கி 3 மி.மீ. இடுக்கில் ஒரு நொடிக்குள் நுழைந்துபோவதை 2016-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள்.

குழாய்க் குழி எங்களுக்கும் கீழ்வீட்டுக்கும் பொது. நம் வீட்டில் மட்டும் ஒழித்தால் கீழிருந்து ஏறும், கீழே மட்டும் ஒழித்தால் மேலிருந்து இறங்கும். கீழ்வீட்டு அக்காவிடம் போய், “அக்கா, உங்க சிங்க் அடியில ரெண்டு பசை அட்டை வெச்சுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். “வை தம்பி, எனக்கும் இதே தொல்லைதான்” என்றார். அட்டையில் எங்கள் வீட்டு அளவுக்கு இல்லை, ஆனால் குஞ்சுகள் இருந்தன. அதே ஜெல்லை அங்கேயும் வைத்து, குழாய் ஓட்டையையும் அடைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது அலை

மூன்று வாரம் கடந்தபோது இரவில் பெரிய பூச்சி ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலரும் முடிந்துவிட்டது என்று ஜெல் வைப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் அட்டைகளை எடுக்கவில்லை. அடுத்த வாரமே அடுப்பு ஓர அட்டையில் 3 மி.மீ. நீளத்தில் கறுப்பான பொடிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. முன்பு கூடு சுமந்துகொண்டிருந்த பூச்சிகளின் குஞ்சுகள். முட்டை பொரிக்கும் காலக்கணக்கோடு சரியாகப் பொருந்தியது. பழைய ஜெல் புள்ளிகள் அதற்குள் காய்ந்து இறுகியிருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், இந்தத் தடவை இன்னும் சின்னப் புள்ளிகளாக.

சிங்க் அடியில் மட்டும் புதுப் புள்ளிகளையும் தொடாமல் சில பூச்சிகள் கடந்துபோயின. இதற்கு ஒரு காரணம் தெரியும். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த தீனி மருந்து சில வீடுகளில் பலிக்காமல் போனது. ஜூல்ஸ் சில்வர்மன் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து, அந்தக் கரப்பான்கள் மருந்தை அல்ல, தீனியில் இருந்த குளுக்கோஸை வெறுக்கின்றன, அந்த வெறுப்பு குஞ்சுகளுக்கும் பரம்பரையாகப் போகிறது என்று கண்டுபிடித்தார். அவற்றின் நாவுணர்வில் குளுக்கோஸ் கசப்பாகப் படுகிறது என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் விளக்கினார்கள். இனிப்பு மருந்தைத் தின்றவை செத்தன, தொடாமல் போனவை பெருகின. எங்கள் சிங்க் அடிப் பூச்சிகளும் அதே வகையா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தீனியும் மருந்தும் இரண்டுமே வேறாக உள்ள ஜெல்லுக்கு மாறுவது. ஃபிப்ரோனில் உள்ள வேறொரு ஜெல்லை வைத்ததும் அங்கேயும் புள்ளிகள் காலியாகத் தொடங்கின. மறுபடி கரப்பான் வராவிட்டாலும், சில மாதத்துக்கு ஒரு தடவை ஜெல்லை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

அதன்பிறகு அட்டைகளில் குஞ்சுகள் வாராவாரம் குறைந்தன. மூன்றாம் மாதத்தில் அட்டைகள் வெறுமையாகவே இருந்தன. அப்போது எல்லாக் கீலையும் கழற்றி, குழிகளைத் துடைத்து, மாட்டினேன். செத்த உடல்களும் தோல்களும் ஒவ்வாமைத் தூசாக அங்கேயே கிடக்கும் என்பதால் இந்தக் கடைசிச் சுத்தத்தைத் தள்ளிப்போடவில்லை. படுக்கையறைத் தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்தோம்.

குளியலறைப் பெரிய கரப்பான்

இதற்கு ஜெல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தரை வடிகாலுக்குக் கீழே வளைவில் எப்போதும் தண்ணீர் நின்றால்தான் சாக்கடையிலிருந்து பூச்சியும் நாற்றமும் மேலே வராமல் தடுபடும். விருந்தினர் குளியலறையை அதிகம் பயன்படுத்துவதில்லை. வளைவில் இருந்த தண்ணீர் ஆவியாகி வழி திறந்து கிடந்தது. வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறோம். ஊருக்குப் போகும்போது தண்ணீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். வடிகால் மூடியை, நெருக்கமான ஓட்டை உள்ளதாக மாற்றி, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். பெரிய கரப்பானின் கூட்டில் 15 முட்டைகள் அளவில்தான் இருக்கும், குஞ்சு வளர ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் வழியை அடைத்தாலே பெரும்பாலும் போதும்.

இப்போது நான்கு அட்டைகள் மட்டும் நிரந்தரமாக இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, தூசு படிந்ததை மாற்றுகிறேன். மறுபடி வந்தால் அது பெரும்பாலும் நாமே தூக்கிவந்ததாக இருக்கும். நெளிவு நெளிவாக உள்ள அட்டைப்பெட்டியின் மடிப்புகள் கரப்பானுக்கு ஏற்ற இடுக்கு, அதனால் பார்சல்களை வாசலிலேயே பிரித்துப் பெட்டியை உள்ளே விடுவதில்லை. பழைய மைக்ரோவேவ் அவன் ஒன்றை உறவினர் கொடுத்தபோது, அதைப் பெரிய பாலித்தீன் பையில் பசை அட்டையோடு கட்டி, பால்கனியில் சில வாரம் வைத்துவிட்டுத்தான் சமையலறைக்குள் எடுத்தேன். இன்னும் ஒரு வேலை பாக்கி: மொட்டை மாடியில் கழிவுக்குழாயின் காற்றுக்குழல் மேல்வாய் திறந்தே இருக்கிறது. அதற்குத் துருப்பிடிக்காத கம்பிவலைத் தொப்பி மாட்ட வேண்டும். குழாயின் விட்டத்தை அளந்து வைத்திருக்கிறேன்.